அரை மீட்டர் வித்தியாசம்

தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபங்களில் ‘கேண்டிட்’ படம் எடுப்பவரைச் சட்டென்று அடையாளம் காணலாம். மேடைக்கு எதிரே நின்று “மாப்பிள்ளை சார், கொஞ்சம் இந்தப் பக்கம்” என்று கையாட்டுபவர் வேறு ஆள். கேண்டிட்காரர் ஓரமாக நிற்பார். கையில் 85 மி.மீ. லென்ஸோ 70-200 ஜூமோ இருக்கும். மணப்பெண்ணின் அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பத்து மீட்டர் தள்ளியிருந்தே எடுத்துவிடுவார். அத்தைக்குத் தெரியவே தெரியாது. தூரம்தான் அவருடைய உத்தி.

கச்சிதமான கேமரா வாங்க நினைப்பவருக்கு இந்த உத்தி கைகொடுக்காது. பைக்குள் அடங்கும் உடலில் பெரிய சென்சாரையும் நீண்ட ஜூமையும் சேர்த்துத் திணிக்க முடியாது. ஜூம் வேண்டுமென்றால் சென்சார் சிறுக்க வேண்டும். சென்சார் பெரிதாக வேண்டுமென்றால் லென்ஸ் ஒரே குவியத்தூரத்தோடு நின்றுவிட வேண்டும். சாயங்கால வெளிச்சத்திலும் குழல்விளக்கின் கீழும் மனிதர்களை எடுக்க ஆசைப்படுபவருக்குப் பெரிய சென்சார் அவசியம். ஆக, ஜூமை விட்டுவிட்டுக் கால்களை நம்ப வேண்டியதுதான். ஆட்கள் தன்னியல்பாக இருக்கும்போது அவர்கள் பக்கத்திலேயே நின்று எடுக்க வேண்டும்.

அப்படி எடுப்பதற்கென்றே செய்யப்பட்ட கேமராக்களில் இரண்டு பெயர்கள் எப்போதும் ஒன்றாகவே அடிபடும். ஒன்று ரிக்கோ ஜிஆர் 3. 2019 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. 1996இல் வெளியான ஜிஆர்1 என்ற ஃபிலிம் கேமராவின் வழித்தோன்றல். மற்றது ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100வி. 2020 பிப்ரவரியில் அறிமுகமானது. 2011இல் தொடங்கிய எக்ஸ்100 வரிசையில் ஐந்தாவது. இரண்டுக்கும் வாரிசுகள் வந்துவிட்டன. ஆனால் இரண்டு வரிசைகளின் அடிப்படைக் குணமும் மாறவில்லை. பழைய சரக்குச் சந்தையில் பலரும் தேடுவது இன்னமும் இந்த இரண்டு மாடல்களையே என்பதால் ஒப்பீட்டுக்கு இவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒப்பிட வசதியான ஜோடி இது. இரண்டிலும் இருப்பது ஒரே அளவான ஏபிஎஸ்-சி சென்சார். ரிக்கோவில் 24 மெகாபிக்சல், ஃபியூஜியில் 26. சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட்டாலும் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. இரண்டிலும் லென்ஸுக்குள்ளேயே அமைந்த இலை ஷட்டர்; சத்தம் கேட்காது என்றே சொல்லலாம். படத்தரத்தை வைத்து ஒன்றைத் தூக்கி மற்றொன்றைத் தள்ளுவதற்கு இடமில்லை. அதனால் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறது: இந்தக் கேமராவோடு ஒரு மனிதர் முன்னால் எப்படி நிற்கப்போகிறோம்?

தூரக் கணக்கு

ரிக்கோவின் லென்ஸ் 18.3 மி.மீ.; பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் அது 28 மி.மீ. லென்ஸுக்குச் சமம். ஃபியூஜியின் லென்ஸ் 23 மி.மீ.; அதே கணக்கில் 35 மி.மீ. மூலைக்கு மூலை அளந்தால் முதலாவது ஏறக்குறைய 75 பாகை அகலம் பார்க்கும், இரண்டாவது 63 பாகை. காகிதத்தில் படிக்கும்போது இது சிறிய வித்தியாசமாகத்தான் தோன்றும்.

தரையில் நின்று பார்த்தால் கதை வேறு. 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவரைக் கேமராவைக் குறுக்காகப் பிடித்துத் தலையிலிருந்து கால்வரை அடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரிக்கோவுக்கு 2 மீட்டர் தள்ளி நின்றால் போதும். ஃபியூஜிக்கு 2.5 மீட்டர் வேண்டும். இடுப்புவரை மட்டும் போதும் என்றால் ரிக்கோவோடு ஒரு மீட்டருக்கு நெருங்கியாக வேண்டும். ஃபியூஜியோடு ஒன்றேகால் மீட்டர். முழு உருவத்துக்கு அரை மீட்டர், பாதி உருவத்துக்கு அதிலும் பாதி. அவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு கேமராக்களுக்கும் இடையிலான மற்ற எல்லா வேறுபாடுகளும் இந்த இடைவெளியிலிருந்து கிளைத்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நெரிசலில் இதன் பலன் உடனே தெரியும். தீபாவளிக்கு முந்தைய வாரம் தி.நகர் ரங்கநாதன் தெருவில் இரண்டரை மீட்டர் இடைவெளி என்றால் நடுவில் குறைந்தது ஒருவராவது புகுந்துவிடுவார். நீங்கள் எடுக்க நினைத்த பூக்காரருக்கும் உங்களுக்கும் நடுவே யாரோ ஒருவரின் துணிக்கடைப் பை வந்து நிற்கும். இரண்டு மீட்டருக்குள் அந்தச் சிக்கல் குறைவு. மின்சார ரயில் பெட்டி, சின்னச் சமையலறை, டீக்கடையின் உட்பக்கம் போன்ற இடங்களில் பின்னால் நகரச் சுவர் விடாது. அங்கெல்லாம் 28 மி.மீ. மூச்சுவிட இடம் தருகிறது.

அதே அகலம் வேலையும் வைக்கும். 28 மி.மீ. சட்டத்துக்குள் வேண்டாதவை ஏராளமாக வந்து சேரும்: கம்பத்தில் கட்டிய பேனர், பாதி தெரியும் இருசக்கர வாகனம், விளிம்பில் வெட்டுப்பட்ட ஒரு தலை. விளிம்பருகே முகம் அமைந்தால் கொஞ்சம் இழுபட்டுத் தெரியும். இதையெல்லாம் ஒழுங்கு செய்ய முன்னால் ஒரு அடி எடுத்துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 35 மி.மீ. இந்த விஷயத்தில் கருணையுள்ளது. முதல் நாளிலேயே பார்க்கும்படியான படம் கிடைக்கும். நெருங்கத் தயங்குபவரை அது தண்டிப்பதில்லை. ரிக்கோ தண்டிக்கும். தயங்கி எடுத்த 28 மி.மீ. படத்தில் நடுவில் ஒரு சிறு உருவமும் சுற்றிலும் வெறும் தார்ச்சாலையுமே இருக்கும்.

வெட்டி எடுக்கும் வசதியைக் கணக்கில் சேர்த்தால் ரிக்கோ கொஞ்சம் முந்துகிறது. அதன் உள்ளேயே 35, 50 மி.மீ. சட்டங்களுக்கு வெட்டும் வசதி உண்டு. முதலாவதில் 15 மெகாபிக்சல் மிஞ்சும், இரண்டாவதில் 7. எடுத்த 28ஐ 35 ஆக்கலாம், ஆனால் 35ஐ 28 ஆக்க முடியாது. அதற்கு ஃபியூஜி தனியே விற்கும் அகலக்கோண மாற்றியைத் திருக வேண்டும். திருகினால் கச்சிதம் போய்விடும்.

விரலில் ஒரு கேமரா, கண்ணில் ஒரு கேமரா

கேண்டிட் படத்தில் நொடியின் பாதி என்பது நீண்ட நேரம். சிரிப்பு தொடங்கி முடிவதற்குள் ஃபோகஸ் பிடித்தாக வேண்டும். இந்த இடத்தில் இரண்டு நிறுவனங்களும் வெவ்வேறு திசையில் யோசித்திருக்கின்றன.

ரிக்கோவின் விடை ‘ஸ்னாப் ஃபோகஸ்’. 1, 1.5, 2, 2.5, 3.5, 5 மீட்டர் என்று ஒரு தூரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிடலாம். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால், கேமரா தானாக ஃபோகஸ் தேடும் வேலையைத் தவிர்த்துவிட்டு, குறித்து வைத்த தூரத்திலேயே படம் எடுத்துவிடும். தேடல் இல்லையென்றால் தாமதமும் இல்லை. அகலமான லென்ஸ் இங்கே கூட்டாளி ஆகிறது. அபர்ச்சரை எஃப் 8இல் வைத்து, தூரத்தை 2 மீட்டரில் நிறுத்தினால், தோராயமாக ஒரு மீட்டரிலிருந்து இருபது மீட்டர்வரை கூர்மையாகவே விழும். அதாவது நாம் நெருங்கக்கூடிய எல்லா மனிதர்களும் அதற்குள் அடக்கம். கேமராவைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டியதுகூட இல்லை.

ஃபியூஜியில் இதே வித்தையைச் செய்யலாம். கையால் ஃபோகஸ் வைத்து எஃப் 8இல் எடுத்தால் போதும். ஆனால் லென்ஸ் நீளம் கூடியதால் கூர்மையின் வீச்சு சுருங்குகிறது. அதே 2 மீட்டர், அதே எஃப் 8 வைத்தால் ஏறக்குறைய 1.3 மீட்டரிலிருந்து 4.7 மீட்டர்வரைதான் கிடைக்கும். லென்ஸ் வளையத்தில் தூரம் பொறிக்கப்பட்டிருக்காது. திரையில் தெரியும் அளவுகோலைப் பார்த்தே வைக்க வேண்டும். குருட்டாம்போக்கில் எடுக்க இது தோதான கருவியில்லை.

அதன் பலம் கண்ணில் இருக்கிறது. எக்ஸ்100வியின் இடது மூலையில் கலப்பு வியூஃபைண்டர் ஒன்று அமைந்திருக்கிறது. முன்பக்கம் இருக்கும் சிறு நெம்புகோலைத் தட்டினால் மின்னணுத் திரையும் வெறும் கண்ணாடிச் சாளரமும் மாறி மாறி வரும். கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்க்கும்போது படச்சட்டம் ஒரு வெள்ளைக் கோடாக மட்டும் மிதக்கும். கோட்டுக்கு வெளியே நடப்பதும் தெரியும். இடப்பக்கமிருந்து ஒரு சிறுவன் ஓடிவருவதை அவன் சட்டத்துக்குள் நுழையும் முன்பே பார்த்துவிடலாம். காத்திருந்து எடுப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ரிக்கோவில் வியூஃபைண்டரே இல்லை. பின்பக்கத் திரை மட்டும்தான், அதுவும் அசையாமல் பதிந்தது. சித்திரை மாத நண்பகலில் அந்தத் திரையில் உங்கள் முகம்தான் பெரும்பாலும் தெரியும்.

ரிக்கோக்காரர்கள் இதற்குப் பதில் ஒன்று வைத்திருப்பார்கள்: பழகிவிட்டால் திரையைப் பார்க்கத் தேவையில்லை. உண்மைதான். 28 மி.மீ. சட்டத்தின் ஓரங்கள் எங்கே விழும் என்பது நாளடைவில் கைக்குத் தெரிந்துவிடும், தையல்காரருக்குக் கத்தரி செல்லும் தூரம் தெரிவதைப்போல. ஆனால் பழகும்வரை கோணிய அடிவானங்களும் வெட்டுப்பட்ட நெற்றிகளும் குவியும். பொறுமை உள்ளவர்களுக்கான கேமரா அது.

கையாளும் விதத்திலும் இதே பிரிவு தொடர்கிறது. ரிக்கோவை ஒரு கையால் முழுமையாக இயக்கலாம். சுவிட்ச், ஷட்டர், சக்கரம் எல்லாம் வலக்கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் எட்டும். மறுகையில் குடையோ காய்கறிப் பையோ குழந்தையின் கையோ இருக்கலாம். லென்ஸ் மூடி கிடையாது. உள்ளேயிருந்து லென்ஸ் நீளும்போது இதழ்கள் தாமாகத் திறக்கும். பையிலிருந்து எடுத்துச் சுமார் ஒரு நொடிக்குள் தயாராகிவிடும். ஃபியூஜிக்கு இரண்டு கையும் வேண்டும். ஷட்டர் வேகத்துக்கு மேலே ஒரு டயல், அதற்குள்ளேயே ஐஎஸ்ஓ, லென்ஸைச் சுற்றி அபர்ச்சர் வளையம். கேமரா அணைந்திருக்கும்போதே எல்லா அமைப்புகளையும் ஒரு பார்வையில் படித்துவிடலாம். புகைப்படக்கலை கற்றுக்கொள்ள விரும்பும் மகனுக்கோ மகளுக்கோ எதை வாங்கித் தருவது என்று கேட்டால் இந்த ஒரு காரணத்துக்காகவே ஃபியூஜியைச் சொல்வேன்.

எதிரில் இருப்பவர் காண்பது

கேமரா ஒப்பீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஆள் ஒருவர் உண்டு: படத்தில் இருக்கப்போகிறவர். அவர் என்ன பார்க்கிறார்?

ரிக்கோவின் எடை பேட்டரியோடு 257 கிராம், அகலம் 11 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, தடிமன் 3.3 சென்டிமீட்டர். கறுப்பு நிறம், பளபளப்பில்லாத உடல். பார்ப்பவர் இதை மதிப்பான கேமரா என்று நினைக்கமாட்டார். யாரோ பழைய டிஜிட்டல் கேமராவை இன்னும் வைத்துக்கொண்டு சுற்றுகிறார் என்றே நினைப்பார். ஃபியூஜியின் எடை 478 கிராம், தடிமன் 5.3 சென்டிமீட்டர், சட்டைப் பையில் நுழையாது, கழுத்திலோ தோளிலோ தொங்கும். வெள்ளி நிறத்தில் வாங்கினால் அறுபதுகளின் ஃபிலிம் கேமராபோல் இருக்கும். கண்டிப்பாகக் கண்ணில் படும். ஆனால் பட்ட பிறகு நடப்பதுதான் சுவையானது. பெரியவர்கள் “இது ரோல் போடுற கேமராவா?” என்று பேச்சுக் கொடுப்பார்கள். பேச்சு தொடங்கிவிட்டால் அங்கே நிற்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து அவர்கள் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நல்ல படங்கள் அப்போதுதான் வரும்.

ரிக்கோ கண்ணில் படாமல் வேலை செய்கிறது. ஃபியூஜி கண்ணில் பட்டு, பின்பு பழகிப்போய், அதற்குப் பிறகு வேலை செய்கிறது. கண்ணில் படாமல் எடுக்கும் வழிக்குப் புகைப்பட வரலாற்றில் மூத்தோர் உண்டு. ஜெர்மானியரான எரிக் சாலமன் 1928இல் நீதிமன்றத்துக்குள் கேமராவை ஒளித்துக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார். அமெரிக்கரான வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை மறைத்துவைத்து எதிரே அமர்ந்திருந்தவர்களை எடுத்தார். எவன்ஸ் அந்தப் படங்களைப் புத்தகமாக வெளியிட்டது 1966இல்தான். கால் நூற்றாண்டு காத்திருப்பு. ஒளித்து எடுத்தவருக்கு ஒரு கூச்சமும் பொறுப்பும் இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. இன்றைக்கு எடுத்த அரை நிமிடத்தில் ஊர் முழுக்கப் பரப்பிவிட முடியும் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தக் காத்திருப்பின் எடை புரியும்.

சிறிய கேமராவை மறைக்காமல் கையில் வைத்துக்கொண்டே தெருவோடு தெருவாகக் கரைந்தவரும் உண்டு. ஜப்பானின் டைடோ மொரியாமா ரிக்கோவின் ஃபிலிம் ஜிஆரிலும் பிறகு டிஜிட்டல் ஜிஆரிலும் டோக்கியோவைத் திரும்பத் திரும்ப எடுத்தவர். இந்த வரிசையின் புகழில் அவருக்கும் பங்கு உண்டு.

இதை வைத்து ரிக்கோ திருட்டுத்தனமான கேமரா, ஃபியூஜி மரியாதையான கேமரா என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. எக்ஸ்100வி அறிமுகமான அதே 2020 பிப்ரவரியில் ஃபியூஜிஃபிலிம் ஒரு விளம்பரக் காணொளி வெளியிட்டது. அதில் ஒரு தெருப் புகைப்படக்காரர் டோக்கியோவில் வழிப்போக்கர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டிக்கொண்டே நடக்கிறார். அவர்கள் முகத்தைத் திருப்புகிறார்கள், கையால் மறைக்கிறார்கள். கண்டனம் எழுந்ததும் நிறுவனம் அந்தக் காணொளியை நீக்கிவிட்டது. கண்ணியமாகத் தோற்றமளிக்கும் அதே கேமராதான். அதைப் பிடித்திருந்த கை வேறுவிதமாக நடந்துகொண்டது.

ஆகவே கேமராவிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் சுபாவத்தில் எந்தக் குறையை இது பெரிதாக்கும்? கூச்ச சுபாவிக்கு ரிக்கோ தரும் ஆபத்து, இடுப்பளவில் வைத்துக் களவாகவே எடுத்துப் பழகிவிடுவது. அந்தப் படங்களில் மனிதர்கள் இருப்பார்கள், சந்திப்பு இருக்காது. துணிச்சல்காரருக்கு ஃபியூஜி தரும் ஆபத்து, அழகான கேமரா கையில் இருப்பதையே அனுமதிச் சீட்டாக எண்ணிக்கொள்வது. எதை வாங்கினாலும் சில ஒழுங்குகள் பொதுவானவை. யாராவது தலையை அசைத்து மறுத்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும். எடுத்தபின் கேட்டால் திரையைத் திருப்பிக் காட்ட வேண்டும். அழிக்கச் சொன்னால் அவர் கண்முன் அழிக்க வேண்டும். குழந்தைகள் படத்தைப் பெற்றோர் அறியாமல் வெளியிடக் கூடாது. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே இவை தெரிந்திருக்க வேண்டும்.

வெளிச்சம் குறையும்போது

பகலில் இரண்டும் சமம். விளக்கு வைக்கும் நேரத்தில் வேறுபாடு தொடங்குகிறது. ஃபியூஜியின் லென்ஸ் எஃப் 2வரை திறக்கும். ரிக்கோ எஃப் 2.8. ஒரு ஸ்டாப் வித்தியாசம், அதாவது ஃபியூஜிக்குள் இரண்டு மடங்கு வெளிச்சம் நுழையும். இதற்கு ஈடாக ரிக்கோவில் சென்சாரே அசைந்து கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது; எக்ஸ்100வியில் அது இல்லை.

பல விற்பனையாளர்கள் இந்த வசதியைச் சொல்லி ரிக்கோ இரவுக்கு ஏற்றது என்பார்கள். கோபுரத்தையும் காலித் தெருவையும் எடுப்பவருக்கு அது சரி. மனிதர்களை எடுப்பவருக்குப் பொருந்தாது. கை நடுக்கத்தைக் கேமரா சமாளிக்கும். எதிரில் இருப்பவர் தலையைத் திருப்புவதை எந்தக் கேமராவாலும் சமாளிக்க முடியாது. பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை உறையவைக்கக் குறைந்தது 1/125 நொடி வேண்டும், நடப்பவருக்கு 1/250. அந்த வேகத்தில் நடுக்கத்தடுப்புக்குப் பெரிய வேலை இல்லை. அபர்ச்சர்தான் பேசும். கோயில் வாசல் அகல்விளக்கு வரிசையிலோ இரவுநேர பரோட்டாக் கடையிலோ ஃபியூஜி ஐஎஸ்ஓ 3200இல் எடுக்கும் படத்துக்கு ரிக்கோ 6400க்குப் போக வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு மங்கலில் ரிக்கோவின் தானியங்கி ஃபோகஸ் முன்னும் பின்னும் தடுமாறும். இருட்டில் ஸ்னாப் ஃபோகஸும் முழுப்பலன் தராது, எஃப் 2.8க்குத் திறந்துவிட்டால் கூர்மையின் வீச்சு சுருங்கிவிடும்.

ஃப்ளாஷ் விஷயத்திலும் ஃபியூஜிக்கே சாதகம். அதில் சிறு ஃப்ளாஷ் உள்ளேயே இருக்கிறது. ஜிஆர் 3இல் கிடையாது. முந்தைய ஜிஆர் 2இல் இருந்ததை எடுத்துவிட்டார்கள். இரவைவிட நம் ஊர்ப் பகலுக்கே இது முக்கியம். உச்சிவெயிலில் நெற்றிக்குக் கீழே கண்கள் கருங்குழியாகிவிடும். இலை ஷட்டர் மிக அதிகமான ஷட்டர் வேகத்திலும் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் என்பதால், மெல்லிய ஃப்ளாஷ் ஒன்றை வீசி அந்த நிழலை நிரப்பிவிடலாம். ஆனால் ஃப்ளாஷ் மின்னியதும் கேண்டிட் முடிந்துவிட்டது. அடுத்த படத்துக்கு எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

தூசி, மழை, பேட்டரி

ரிக்கோவின் பெரிய பலவீனம் இங்கே இருக்கிறது. பையில் அடங்குவதற்காக உள்ளே சுருங்கி வெளியே நீளும் லென்ஸ் அது. ஒவ்வொரு முறை நீளும்போதும் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு தூசியும் போகிறது. சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு இருந்தாலும் எல்லாமும் விழுந்துவிடுவதில்லை. லென்ஸைக் கழற்றித் துடைக்கவும் வழியில்லை. வானத்தில் ஒரு சாம்பல் புள்ளி நிரந்தரமாகக் குடியேறினால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். சட்டைப் பைப் பஞ்சு, சாலைப் புழுதி, கடற்கரை மணல் எல்லாம் இதற்கு விரோதிகள். சிறிய துணி உறை ஒன்றில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் உறையிலிருந்து எடுக்கும் நேரம் அந்த ஒரு நொடித் தயார்நிலையைத் தின்றுவிடும்.

ஃபியூஜியின் லென்ஸ் நீளாது, சுருங்காது. முன்பக்கத்தில் இணைப்பு வளையமும் பாதுகாப்பு வடிகட்டியும் மாட்டிவிட்டால் தூறலையும் புழுதியையும் தாங்கும் என்று நிறுவனமே சொல்கிறது. அந்த இரண்டையும் தனியே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். தேர்த் திருவிழா, ஜல்லிக்கட்டு, ஐப்பசி மழை என்று திட்டம் வைத்திருப்பவர் இந்தச் செலவைக் கேமராவின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பேட்டரியிலும் ரிக்கோ ஏமாற்றும். அளவீட்டு முறைப்படி ஒரு முறை ஏற்றினால் சுமார் 200 படங்கள். ஃபியூஜி மின்னணுத் திரையோடு 350, கண்ணாடிச் சாளரத்தோடு 420. ரிக்கோ வாங்குபவர் கூடுதலாக இரண்டு பேட்டரிகளுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். இரண்டையும் யுஎஸ்பி-சி கம்பி வழியாக ஏற்றலாம் என்பது ஆறுதல்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணினியில் மெருகேற்ற நேரமில்லாதவருக்கு ஃபியூஜியின் கிளாசிக் குரோம், கிளாசிக் நெகட்டிவ், கறுப்பு-வெள்ளை ஆக்ரோஸ் ஆகியவை கேமராவிலிருந்தே முடிந்த படத்தைத் தருகின்றன. ரிக்கோவின் அழுத்தமான கறுப்பு-வெள்ளையும் பாசிட்டிவ் ஃபிலிமும் குறைந்தவையல்ல, தேர்வுகள்தான் குறைவு. காணொளி வேண்டுமென்றால் ஃபியூஜியில் 4கே உண்டு. ரிக்கோவில் முழு எச்டியோடு சரி.

விலையும் வாரிசுகளும்

அமெரிக்காவில் அறிமுக விலை ஜிஆர் 3க்கு 899 டாலர், எக்ஸ்100விக்கு 1,399 டாலர். பாதிக்கு மேல் கூடுதல். 2022, 2023ஆம் ஆண்டுகளில் டிக்டாக் காணொளிகள் எக்ஸ்100வியை ஃபேஷன் பொருளாக்கிவிட்டன. கடைகளில் சரக்கு தீர்ந்து, பழைய கேமராவே புதியதன் அறிமுக விலையைத் தாண்டி விற்றது. இந்த மோகத்துக்குப் படம் எடுக்கும் தேவையோடு பெரிய தொடர்பில்லை. மோகத்துக்குத் தரும் கூடுதல் பணம் படத்தில் தெரியாது.

வாரிசுகளில் 2024இன் எக்ஸ்100விஐ 40 மெகாபிக்சலோடும், இந்த வரிசைக்கே முதல்முறையாக நடுக்கத்தடுப்போடும் வந்தது. எடை 521 கிராம். 2025இல் வந்த ஜிஆர் 4 நடுக்கத்தடுப்பை மேம்படுத்தி, உள்நினைவகத்தையும் கூட்டியிருக்கிறது. அதே 28 மி.மீ., அப்போதும் வியூஃபைண்டர் இல்லை. ஒருவர் கனத்துக்கொண்டே போகிறார், மற்றவர் பிடிவாதமாகச் சிறிதாகவே இருக்கிறார். இடையில் 2021இல் வந்த ஜிஆர் 3எக்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடல் ரிக்கோவுடையது, லென்ஸ் 40 மி.மீ.க்குச் சமம். முழு உருவத்துக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ரிக்கோவின் சிறிய அளவு பிடித்து, நெருங்குவது மட்டும் பிடிக்காதவருக்கு அது நல்ல இடைவழி.

யாருக்கு எது

என் முடிவு இது. மனிதர்களை அவர்கள் போக்கில் எடுப்பது ஒன்றுதான் நோக்கம், வேறு கேமரா ஏற்கெனவே இருக்கிறது, தினமும் சட்டைப் பையிலேயே ஒன்று கிடக்க வேண்டும் என்றால் ரிக்கோ ஜிஆர் 3. பேருந்திலும் அலுவலகத்திலும் கூடவே இருப்பதில் அதற்கு இணை இல்லை. வீட்டில் விட்டுவந்த கேமராவின் எஃப் 2 லென்ஸால் யாருக்கும் பயனில்லை. இருட்டிலும் தூசியிலும் ரிக்கோவின் குறைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு கேமராதான் வாங்க முடியும், அதில் குழந்தையின் பிறந்தநாள், சொந்தக்காரர் கல்யாணம், கோயில் திருவிழா, பயணம் எல்லாமே வந்தாக வேண்டும் என்றால் எக்ஸ்100வி. மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கும், வெயிலில் திரை தெரியாமல் தவிப்பவர்களுக்கும் அதன் வியூஃபைண்டர் மட்டுமே விலைக்கு நியாயம் சொல்லிவிடும். ஆனால் வெளியே கிளம்பும்போதெல்லாம் கேமராவை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ரகம் நீங்கள் என்றால், அந்த 478 கிராம் பெரும்பாலும் வீட்டு அலமாரியில்தான் இருக்கும்.

இந்தத் தீர்ப்பை நம்பிப் பணத்தைக் கொட்டும் முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வீட்டிலோ நண்பரிடமோ 18-55 லென்ஸோடு ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் தூங்கிக்கொண்டிருக்கும். ஜூம் வளையத்தை 18இல் வைத்து ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு ஒரு வாரம் எடுங்கள். அது ரிக்கோவின் பார்வை. அடுத்த வாரம் 23இல் ஒட்டுங்கள். அது ஃபியூஜியின் பார்வை. பிறகு படங்களைக் கணினியில் வரிசையாகப் போட்டு, எதில் முகங்கள் பெரிதாக இருக்கின்றன, எதை அதிகம் வெட்டத் தோன்றுகிறது என்று பாருங்கள். 18இல் எடுத்ததையெல்லாம் வெட்டிக்கொண்டே இருந்தால் 28 மி.மீ. உங்களுக்கு அகலம். 23இல் எடுக்கும்போதெல்லாம் பின்னால் நகர இடம் தேடியிருந்தால் 35 மி.மீ. குறுகல். பெரிய கேமரா என்பதால் ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எவ்வளவு கிட்டே போக உங்கள் கால்கள் சம்மதிக்கின்றன என்பது மட்டும் தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் எந்த விற்பனையாளரிடமும் அதற்குமேல் கேட்க வேண்டியது அதிகமில்லை.